கருத்தடை செய்த ஆண் பூனை திடீரென்று வீடெங்கும் மூத்திரம் போகிறது. நம்மைப் பழிவாங்குகிறதா? எப்படித் திருத்துவது?

பழிவாங்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நான் கடத்திய நாலு நாளில் என் பூனை சாகப் பார்த்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்நேரம் நீங்கள் திட்டியிருப்பீர்கள், மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தும் இருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானும் செய்தவன்தான். அதில் பூனைக்குப் பயம்தான் கூடும், பயந்த பூனை இன்னும் அதிக இடங்களில் போகும்.

முதலில், நின்றுகொண்டு போகிறதா, உட்கார்ந்து போகிறதா என்று கவனியுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி துடிக்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக் கொஞ்சமாகப் பீய்ச்சினால், அது தன் வாசனையை அங்கே பதித்து வைக்கிறது. கருத்தடை செய்யாத கடுவன்தான் இதை அதிகம் செய்யும். செய்த பிறகு பத்தில் ஒன்பது நிறுத்திவிடும். மீதி ஒன்று, சன்னலுக்கு வெளியே புதுப் பூனை ஒன்று நடமாடினால்கூடப் பீய்ச்சும். பெண் பூனையும் பீய்ச்சும், ஆனால் குறைவு. தரையிலோ மெத்தையிலோ உட்கார்ந்து போனால் கதை வேறு. அது கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டில் ஏதோ பிடிக்கவில்லை, அல்லது வலிக்கிறது.

என் சோமுவுக்கு வலித்தது. வீட்டுக்குப் புது அலமாரி வந்த வாரம் அது. குளியலறை மிதியடியில் காசு அளவு ஈரம், கை கழுவும் தொட்டியில் இரண்டு சொட்டு. அலமாரி பிடிக்காமல் முரண்டு பிடிக்கிறது என்று முடிவு கட்டினேன். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், எல்லாம் திமிர்" என்றாள் அக்கா. நாலாம் நாள் ராத்திரி அதைப் பின் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். வெகுநேரம் கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை.

காலையில் கதவைத் திறந்தபோது தட்டில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. எழுந்து வந்து அடியில் நக்கியது, மறுபடி போய் உட்கார்ந்தது. ராத்திரி போட்ட மணல் அப்படியே காய்ந்து கிடந்தது. தூக்கினேன், அடிவயிறு கல் மாதிரி இருந்தது.

மூத்திரப் பாதை அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்துவிடும். மூத்திரம் வெளியேறாமல் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளிலேயே உயிர் போய்விடலாம். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டார்கள். முதலில் வந்தது முழுக்கச் சிவப்பு.

மூன்று நாள் அங்கேயே இருந்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில் விடுப்பு கேட்டேன். "பூனைக்கா?" என்று மேலாளர் பத்துப் பேர் முன்னால் சிரித்தார். அதே ஆள் தன் கார் பழுதுபார்க்க அரை நாள் போவார், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் உயிரை வளர்க்கிறவர்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் சுமக்கிறோம்.

"எல்லாவற்றையும் நோய் என்று பயமுறுத்துகிறாய்" என்று யாராவது வருவார்கள். நான் மருத்துவன் இல்லை. எல்லாப் பூனைக்கும் அடைப்பு என்றும் சொல்லவில்லை. அலமாரி சமாசாரம்கூட முழுப் பொய்யில்லை. வீட்டில் ஏற்படும் மாற்றம் பூனையின் மூத்திரப்பையில் அழற்சியைக் கிளப்பக்கூடும் என்று அதே மருத்துவர்தான் சொன்னார். பழக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை மூத்திரத்தைப் பரிசோதித்துவிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நோய் இல்லையென்றால் தட்டுப் பக்கம் வாருங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டுக்கு மூன்று. பூனை உள்ளே தாராளமாகத் திரும்பும் அளவு பெரிதாக இருக்கட்டும். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும், அதற்கு இல்லை. தினமும் அள்ளுங்கள். அப்புறம், போன இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அதன் வாடையே மூத்திர வாடைதான், பூனை திரும்பி அங்கேயே வரும். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கிறது, அதை ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள்.

சோமு இப்போது ஈர உணவுதான் சாப்பிடுகிறது, தண்ணீரும் நிறைய உள்ளே போகிறது. ராத்திரி மணல் பிறாண்டும் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்துபோய், மூத்திரத்தில் மணல் திரண்ட கட்டி எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். உங்கள் பூனை கடைசியாக எப்போது ஒழுங்காகப் போனது என்று தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் போய்த் தட்டைப் பாருங்கள். முக்கியும் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.