மைலேஜ் சேர்ந்தால் பிசினஸ் கிளாஸ் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை எமிரேட்ஸில் சென்னை வந்து ஊருக்கு வருவார். அதன் உறுப்பினர் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் சில்வர் கார்டு வந்துவிட்டால் அவர்களே பிசினஸ் கிளாஸில் உட்காரவைப்பார்கள் என்று அவருடைய ரூமில் இருப்பவர்கள் சொல்கிறார்களாம். உண்மையா? – வாசகி, கீழக்கரை

பதில்: இல்லை. அது அமெரிக்காவின் உள்நாட்டு விமானப் பழக்கம். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் போன்றவை முன் வரிசை காலியாக இருந்தால் உயர்நிலை உறுப்பினர்களுக்குத் தகுதி வரிசைப்படி காசு வாங்காமல் கொடுக்கின்றன. வளைகுடா, ஆசிய நிறுவனங்களில் அப்படி ஓர் உரிமை கிடையாது. எகானமியில் சீட்டுக்கு மேல் டிக்கெட் விற்று, கடைசி நேரத்தில் இடம் போதாமல் போனால் சிலரை முன்னால் அனுப்புவார்கள். அப்போது கார்டு உள்ளவர் பெயரை முதலில் பார்க்கலாம். அதை நம்பி இருக்க முடியாது.

அடுத்து, சில்வரே எட்டுமா என்று பாருங்கள். அதற்கு 25,000 டயர் மைல் (கார்டின் தகுதிக்கான மைல்) அல்லது 25 பயணம் வேண்டும். இரண்டு முறை வந்துபோனால் ஆவது 4 பயணம். சென்னை–துபாய் ஒரு வழித் தூரம் சுமார் 1,800 மைல். மலிவு டிக்கெட்டில் அந்தத் தூரம் முழுக்கவும் மைலாக விழாது. எப்படிக் கூட்டினாலும் கிட்டவராது. கோல்டுக்கு 50,000 என்பதை நினைக்கவே வேண்டாம்.

ஒருவேளை கம்பெனி வேலையாக அடிக்கடி பறந்து சில்வர் வந்தால், பெரிய லாபம் லக்கேஜ்தான்: சில்வருக்கு 12 கிலோ, கோல்டுக்கு 16, பிளாட்டினத்துக்கு 20 கிலோ கூடுதல். பெட்டி கட்டிவிட்டுத் தராசில் நிறுத்தி, பால் பவுடரை எடுப்பதா தைல பாட்டிலை எடுப்பதா என்று யோசிக்கிற வீட்டுக்கு அந்த 12 கிலோவின் அருமை தெரியும். லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) சில்வருக்குத் துபாயில் மட்டும்தான்.

கணக்கில் இரண்டு வகை மைல் ஓடும். டயர் மைல் கார்டின் நிறத்தை மட்டும் தீர்மானிக்கும், செலவழிக்க முடியாது. ஸ்கைவார்ட்ஸ் மைல்தான் செலவுக்கு உரியது. கிரெடிட் கார்டில் சேருவது இந்த இரண்டாம் வகை. எவ்வளவு சேர்ந்தாலும் சில்வர் வராது. இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உங்களுக்கு உகந்தது 'மை ஃபேமிலி'. குடும்பத் தலைவரையும் சேர்த்து 8 பேர் வரை இணைந்து செலவு மைலை ஒரே இடத்தில் குவிக்கலாம். நீங்களும் பிள்ளைகளும் ஒரு தடவை துபாய் போய் வந்தாலும் அதுவும் அதில் சேரும். மைல் கொடுத்து அப்கிரேடு செய்யும் எண்ணம் இருந்தால் டிக்கெட் வாங்கும்போதே கட்டண வகையைப் பார்க்க வேண்டும். 'ஸ்பெஷல்' என்ற மிக மலிவான வகைக்கு அப்கிரேடு இல்லை. எமிரேட்ஸ் தளத்தில் மைல் கால்குலேட்டர் உண்டு. வழித்தடத்தைப் போட்டால் ஒவ்வொரு வகையிலும் எவ்வளவு சேரும், அப்கிரேடுக்கு எவ்வளவு கேட்கும் என்று வந்துவிடும். சேர்ந்த மைலுக்கு ஆயுள் மூன்றாண்டு. உறுப்பினரின் பிறந்த மாதக் கடைசியில் காலாவதியாகும், அந்த மாதத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கப்பலில் வேலை. சைன் ஆன் (கப்பலில் ஏற), சைன் ஆஃப் (இறங்கி ஊர் திரும்ப) இரண்டுக்கும் கம்பெனிதான் டிக்கெட் போடும். ஒரு தடவை கத்தார், அடுத்த தடவை டர்கிஷ், பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். எதில் சேருவது? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு கணக்கு திறந்தால் எதிலும் ஒன்றுக்கும் உதவாத சில்லறை மைல்தான் நிற்கும். விமான நிறுவனங்கள் கூட்டணியாக இயங்குகின்றன. ஒன்றின் கணக்கில் அதே கூட்டணியின் மற்ற நிறுவனப் பயணத்தையும் சேர்க்கலாம். அதனால் கூட்டணிக்கு ஒன்றாக இரண்டே கணக்கு போதும். சிங்கப்பூர், டர்கிஷ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ், எத்தியோப்பியன், ஏர் இந்தியா எல்லாம் ஸ்டார் அலையன்ஸ். கத்தார், ஸ்ரீலங்கன், மலேசியா, பிரிட்டிஷ், கேத்தே பசிபிக் எல்லாம் ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸும் எத்திஹாத்தும் எந்தக் கூட்டணியிலும் இல்லை.

ஸ்டாருக்குச் சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையர் திட்டம் என்றால், 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் (இதுவும் தகுதிக்கான மைல்) சேர்ந்ததும் எலைட் கோல்டு. அது கூட்டணி முழுக்கச் செல்லும் ஸ்டார் கோல்டு தகுதிக்குச் சமம். வேறு உறுப்பு நிறுவனத்தில் பறந்தாலும் லவுஞ்ச், முன்னுரிமை வரிசை, லக்கேஜைப் பெட்டி எண்ணிக்கையில் அல்லாமல் கிலோவில் கணக்கிடும் வழித்தடத்தில் 20 கிலோ கூடுதல் எல்லாம் உண்டு. ஆனால் கிரிஸ்ஃப்ளையரில் செலவுக்கு உரிய மைல் மூன்றாண்டில் போய்விடும். கத்தாரின் செலவு மைலான ஏவியோஸ் அப்படியில்லை. 36 மாதத்துக்குள் ஒரு வரவோ செலவோ இருந்தால் முழு இருப்பும் உயிரோடு இருக்கும். மாதக்கணக்கில் கடலில் இருப்பவருக்கு இந்த விதிதான் தோது. கத்தாரில் சில்வருக்கு 150 கியூபாயின்ட் (தகுதிப் புள்ளி), கோல்டுக்கு 300.

மரைன் ஃபேரில் (கப்பல் ஊழியருக்கான கட்டண வகையில்) மைல் விழுமா என்பது டிக்கெட்டில் 'கிளாஸ்' என்ற இடத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பொறுத்தது. அந்த எழுத்தை உங்கள் திட்டத்தின் பட்டியலில், நீங்கள் பறக்கும் நிறுவனத்துக்கு நேராகத் தேடுங்கள். ஒரே எழுத்து ஒரு நிறுவனத்தில் முழு மைலும் இன்னொன்றில் பூஜ்யமும் தரலாம். ஒரு பயணத்தை இரண்டு கணக்கில் போட முடியாது.

கம்பெனி ஏஜென்ட் உங்கள் உறுப்பினர் எண்ணைப் போடமாட்டார். பிஎன்ஆரை (முன்பதிவுக் குறியீட்டை) வைத்து நீங்களே தளத்தில் சேருங்கள், அல்லது கவுன்ட்டரில் சொல்லி, போர்டிங் பாஸில் எண் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விட்டுப்போனால் பிறகு கேட்டு வாங்கலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள். அதற்கு 13 இலக்க டிக்கெட் எண் வேண்டும், பிஎன்ஆர் போதாது. அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் வழங்கிய நிறுவனத்தைக் காட்டும்: கத்தார் 157, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் 618, ஸ்ரீலங்கன் 603, ஏர் இந்தியா 098. போர்டிங் பாஸைப் போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தெர்மல் காகிதம் கேபின் வெக்கையில் வெளுத்து, இறங்கும்போது வெறும் தாளாகிவிடும்.

கேள்வி: இரண்டு தடவை போய்வந்தும் மைல் ஏறவில்லை. பெயர் பொருந்தவில்லை என்று பதில் வருகிறது. – வாசகர், ஏர்வாடி

பதில்: நம் பக்கத்தில் இதுதான் அடிக்கடி வரும் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் ஏஜென்ட் இருக்கும் பெயரையே இரண்டு முறை போட்டிருப்பார். கணக்கில் நீங்கள் அத்தாவின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். முகம்மது என்ற பெயருக்கே ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டு. கணக்கை பாஸ்போர்ட்டுக்கு எழுத்துப் பிசகாமல் பொருத்துங்கள். பெரும்பாலும் நீங்களே மாற்ற முடியாது. பாஸ்போர்ட் நகலோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டும். திருத்திய பிறகு விட்டுப்போன பயணங்களைக் கேளுங்கள். உம்ரா குழு டிக்கெட் என்றால் பெயர் சரியாக இருந்தாலும் பெரும்பாலும் மைல் வராது.

கேள்வி: ஸ்டார் கோல்டு கார்டு இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட்டில் கூடுதல் லக்கேஜ் கேட்டால் மறுக்கிறார்கள். – வாசகர், தொண்டி

பதில்: சரியாகத்தான் மறுக்கிறார்கள். ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் குழுமம். கிரிஸ்ஃப்ளையர் மைலும் சேரும். ஆனால் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அப்படியே. அதன் தாய் நிறுவனமான ஏர் இந்தியா 2014 முதல் உறுப்பினர், எக்ஸ்பிரஸ் இல்லை. உச்சிப்புளியில் ஓடுதளம் இருந்தும் அது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்துக்கு உரியது. நமக்கு மதுரையும் திருச்சியும்தான் பக்கம். அங்கே இத்தகைய மலிவு விமானங்கள் அதிகம் என்பதால், தங்கக் கார்டு பெரும்பாலும் சென்னை போய் ஏறினால்தான் வேலை செய்யும். கிலோவை டிக்கெட்டோடு முன்கூட்டியே வாங்குங்கள். கவுன்ட்டரில் வாங்குவதைவிட மலிவு.

கேள்வி: மதுரை–கொழும்பு–லண்டன் டிக்கெட் போட்டிருக்கிறோம். அப்கிரேடுக்கு ஏலம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. கேட்கலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: லண்டன் துண்டுக்கு மட்டும் கேளுங்கள். கொழும்பு வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குப் பணம் கொடுப்பது வீண். கேட்கும் தொகை பொதுவாக ஆளுக்கு, துண்டுக்கு என்று கணக்கு. இருவர் என்றால் இரட்டிப்பாகும். ஏலம் ஏற்கப்பட்டவுடன் கார்டில் பணம் எடுத்துவிடுவார்கள், பிறகு வேண்டாம் என்றால் திரும்ப வராது. மைல் பழைய எகானமி டிக்கெட்டுக்குத்தான் சேரும். லக்கேஜ் அளவு கூடுமா என்பதை அந்த மெயிலின் நிபந்தனையில் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.