48 கிலோவிலேயே நிற்க வேண்டுமா?

வணக்கம் ஐயா. பதினாறு வயது மகள் இரண்டு முறை மாநில இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டாள், 48 கிலோ எடைப் பிரிவில் நிற்பதற்காகப் பட்டினி கிடக்கிறாள், ஜூடோவே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள்.

தோல்வி மட்டும் என்றால் ஜப்பானின் ஜூடோ வீராங்கனை தமுரா ரியோகோவைச் சொல்வேன். 1992 பார்சிலோனாவில் வெள்ளி, 1996 அட்லாண்டாவிலும் வெள்ளிதான். ஒலிம்பிக் தங்கம் 2000 சிட்னியில்தான் கைக்கு வந்தது. தாயான பிறகும் 2007 இல் உலகப் பட்டம் வென்றார்.

ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது, அட்லாண்டாவில் அவரை வீழ்த்திய வட கொரியாவின் கே சுன் ஹுய்யின் கதை. அவருக்கும் அப்போது வயது 16. 48 கிலோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றும் அந்தப் பிரிவையே பிடித்துத் தொங்கவில்லை. சிட்னியில் 52 கிலோவில் வெண்கலம், 2004 ஏதென்ஸில் 57 கிலோவில் வெள்ளி. நான்கு உலகப் பட்டங்களும் மேல் பிரிவுகளில் வந்தவையே!

வளரும் பிள்ளையைத் தராசுக்காக வற்ற வைக்காதீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை காட்டிவிட்டு, களத்தில் கால் தள்ளாடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலில் சொல்கிறேன். பயிற்சியாளரிடம் 52 கிலோ பற்றி இந்த வாரமே பேசுங்கள். தொடக்கத்தில் எதிராளிகளின் பிடி இரும்பாகத் தெரியும், பழகிவிடும். மாதவிடாய் தவறியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.