பதினோரு பேர் படித்த கதையும் மற்ற சந்தேகங்களும்: ஃபேன்ஃபிக் கேள்வி பதில்

"கதை போட்டு யாரும் படிக்காதவர்கள் கேள்வி அனுப்பலாம்" என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டது, அதில் பாதி ஒரே கேள்வி. காலேஜ் பசங்களின் ப்ராஜெக்ட் சீசன் முடிந்து மதுரை மேலமாசி வீதிப் பக்கம் இருக்கும் என் டிடிபி கடை இப்போது காற்று வாங்குகிறது, அதனால் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். பதினாலு வருடமாக ஃபேன்ஃபிக் எழுதுகிறேன், அதாவது ஏற்கெனவே இருக்கிற கதை, சீரியல் ஆட்களை வைத்துப் புதுக்கதை. அதில் முதல் ஆறு வருடம் என் தங்கையைத் தவிர யாரும் படிக்கவில்லை, அவளும் கட்டாயத்தில்தான் படித்தாள். என் தகுதி அவ்வளவுதான்.

திருமங்கலம் தங்கை: அக்கா, பொன்னியின் செல்வன் பூங்குழலியை வைத்து ஏஓ3 என்கிற ஃபேன்ஃபிக் தளத்தில் தமிழில் தொடர் போடுகிறேன். மூன்று வாரத்தில் 47 ஹிட் (திறந்து பார்த்த கணக்கு), 2 குடோஸ் (பிடித்தது என்று அழுத்தும் பொத்தான்), கமெண்ட் ஒன்றுகூட இல்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நீங்கள் எந்தக் கண்மாயில் தூண்டில் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் அங்கே அதிகமும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் படிக்கிற கூட்டமோ பிரதிலிபி என்கிற கதை ஆப்பிலும் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் கிடக்கிறது. ஏஓ3-யில் "உனக்கு இது பிடிக்கும்" என்று கதையைத் தள்ளிவிடும் ஏற்பாடும் கிடையாது. விளம்பரமே இல்லாமல் நன்கொடையில் ஓடுகிற இடம் அது, தேடி வருகிறவர் கண்ணில் பட்டால்தான் உண்டு.

அப்புறம் அந்த 47. லாகின் செய்துவிட்டு உங்கள் கதையை நீங்களே திறந்து பார்ப்பதை அங்கே கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே லாகினோடுதான் பார்த்தீர்கள் என்றால் 47-உம் வெளியாள் திறந்தது. குடோஸ் ஒரு கதைக்கு ஒருவர் ஒரு தடவைதான் கொடுக்க முடியும். முதல் அத்தியாயத்தில் கொடுத்தவர் பத்தாவது அத்தியாயத்தில் அழுது தீர்த்தாலும் எண்ணிக்கை ஏறாது. தொடர்கதைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமலே மனம் உடைகிறார்கள்.

உடனே பார்க்க வேண்டியது சில உண்டு. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று வைத்தீர்களா, இல்லை ஆங்கிலம் என்று வைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் தமிழ்க் கதை தேடுகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். டேக் (கதையைத் தேட உதவும் அடையாளச் சொல்) அடிக்கும்போது கீழே விழும் பட்டியலில் இருக்கும் பெயரையே எடுங்கள், சொந்தமாக ஒரு எழுத்துக்கூட்டல் வேண்டாம். கதைச் சுருக்கத்தில் "எனக்குச் சுருக்கம் எழுத வராது, படித்துப் பாருங்கள்" என்று போடாதீர்கள், சுருக்கமே எழுத வராதவர் கதையை எப்படி எழுதியிருப்பார் என்றுதான் நினைப்பார்கள். கதையைப் பூட்டி வைத்திருந்தால் கணக்கு இல்லாதவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தேதி. அத்தியாயத்தை வரைவாகச் சேமித்து வைத்துப் பத்து நாள் கழித்து வெளியிட்டால், வரைவு போட்ட நாளையே அது தேதியாக எடுத்துக்கொள்ளும். பட்டியல் புதியது மேலே என்று வரிசையாகிற இடம், உங்கள் அத்தியாயம் பிறக்கும்போதே பத்து நாள் கிழவியாகப் பிறக்கும். வெளியிடும் முன் தேதியை மாற்றுங்கள். இன்னும் வெளியிடாத புதுக்கதையின் வரைவு அங்கே ஏறக்குறைய ஒரு மாதம்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். வேர்டில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி. முடிந்தால் முழுக்கதையையும் எழுதி முடித்துவிட்டுப் போட ஆரம்பியுங்கள். இதை நான் இன்னும் பல தடவை சொல்வேன்.

உசிலம்பட்டி: வாட்பேட் கதைத் தளத்தில் 2000 ரீட்ஸ், ஆனால் பேச்சு மூச்சே இல்லை. 2000 பேரும் ஊமையா?

எத்தனை அத்தியாயம்? நாற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அத்தியாயத்துக்கு அத்தியாயம் தனியாக எண்ணி மொத்தமாகக் காட்டும். 2000-ஐ 40-ஆல் வகுத்தால் 50. அதுவும் சமமாக இருக்காது. உள்ளே போய் ஒவ்வொரு எபியாக, அதாவது அத்தியாயமாகப் பாருங்கள், முதல் எபியில் நூற்றுச் சொச்சம், கடைசி எபியில் பதினெட்டு என்று இருக்கும். அந்தப் பதினெட்டு பேர்தான் உங்கள் ஆட்கள். அவர்களுக்காக எழுதுங்கள்.

வில்லாபுரம்: தினமும் யூடி (அப்டேட்) கொடுத்தால் வாசகர் கூடுவார்களா?

கூடுவார்கள். பன்னிரண்டாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல் வரும், பதினைந்தாம் நாள் "ஸாரி ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் யூடி" என்று போடுவீர்கள், அந்த அடுத்த வாரம் வராது. முழுதாக எழுதி முடித்துவிட்டுப் போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு சீரியல் ஜோடிக்கு எஃப்எஃப் (ஃபேன்ஃபிக்) எழுதினேன். நல்ல கூட்டம். சீரியல் முடிந்ததும் ஒருவரும் இல்லை.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் வைகையில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மிதிபட்ட செருப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும்தான் கிடக்கும். திருவிழாவுக்கு வந்த லட்சம் பேரும் உங்களைக் கோபித்துக்கொண்டா போனார்கள்? திருவிழா முடிந்தது, போனார்கள். கதையை அழிக்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து யாராவது அந்த சீரியலை யூடியூபில் முதலிலிருந்து பார்த்துவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களைத் தேடி வருவார்கள்.

ஐயர் பங்களா: "20 கமெண்ட் வந்தால்தான் அடுத்த எபி" என்று போடலாமா? சைலன்ட் ரீடர்ஸ் தொல்லை தாங்கவில்லை.

போடாதீர்கள். போன வருடம் ஒரு பெண் கடைக்கு வந்து பென் டிரைவைக் கொடுத்து, "அக்கா, அம்மாவுக்குக் கண் சரியில்லை, போனில் படிக்க முடியவில்லை, எழுத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணிக் கொடுங்கள்" என்றாள். திறந்து பார்த்தால் என் கதை. 16 பாயிண்டில் 112 பக்கம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை, பைண்டிங் காசு மட்டும் வாங்கவில்லை, ஏன் என்று அவள் கேட்டதற்கு ஆடித் தள்ளுபடி என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு கமெண்டும் போட்டதில்லை. அவள் அம்மா, அம்மாவிடம் வாங்கிப் படித்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரும் சேர்ந்து என் கணக்கில் ஒரு ஹிட்.

செல்லூர்: சிலப்பதிகாரத்து ஐயையை வைத்து ஒரு ஒன்ஷாட் (ஒரே பகுதியில் முடிகிற கதை) எழுதினேன். மதுரை எரிந்த பிறகு அவள் என்ன ஆனாள் என்று. 11 ஹிட். ஒரே ஒரு கமெண்ட், அதுவும் "காப்பியத்துக்கு அவமரியாதை" என்று. இதனால்தான் படிக்கமாட்டேன் என்கிறார்களா?

அடடா, இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். ஐயை யார் என்று மறந்தவர்களுக்கு: கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரியின் மகள். அடைக்கலம் இழந்த துக்கத்தில் மாதரி உயிரை விட்டுவிடுகிறாள். வஞ்சிக் காண்டத்தில் தேவந்தியும் மற்றவர்களும் மதுரைக்கு வந்து ஐயையைக் கூட்டிக்கொண்டு, வையைக் கரையைப் பிடித்துப் போய் மலையேறி, கண்ணகி கோயிலுக்குப் போகிறார்கள். நடுவில் அந்தப் பெண் எரிந்த ஊரில், அம்மாவும் இல்லாமல், எப்படி இருந்தாள் என்று இளங்கோ சொல்லவில்லை. ஃபேன்ஃபிக் எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல சந்து கிடைக்குமா? நம் ஊரில், நம் ஆற்றங்கரையில். கதையை நேற்று ராத்திரி படித்தேன். மோர்ப்பானையில் சாம்பல் படிந்திருப்பதை அவள் விரலால் வழித்துப் பார்க்கிற இடம் அருமை. கடைசிப் பக்கத்தில் அறிவுரை ஜாஸ்தி, வெட்டுங்கள்.

*(இதைப் போட்டதும் மேலூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்: "இளங்கோ சொல்லாதது சொல்லத் தேவையில்லாதது. காப்பியம் என்ன பொது மந்தையா?")*

ஐயா, வணக்கம். பொது மந்தையாகி ரொம்ப நாளாகிறது. பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த கோவலன் கதையில் கண்ணகி காளியின் அவதாரம். எங்கள் அப்பத்தா அதைத்தான் ராகம் போட்டுப் படிக்கும், இளங்கோவை அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கு ஆள் சேர்ந்ததா இல்லையா?

*(அனுப்பானடி தம்பி: "அக்கா, பொற்கொல்லன் மகனுக்கும் ஐயைக்கும் லவ் வைக்கச் சொல்லுங்கள், 500 ஹிட் கேரண்டி.")*

*(மேலூர் ஐயா: "பாருங்கள்! இதைத்தான் சொன்னேன்!")*

தம்பி, நீங்கள் சொல்வது நடக்கும், எதிரி வீட்டுப் பையன் காதல் என்றால் கூட்டம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கதை ஐயையின் கதையாக இருக்காது. பெயரை மட்டும் கடன் வாங்கிய இன்னொரு கதை. ஐயா, உங்களுக்கு: இந்தப் பெண் காப்பியத்தில் இருக்கிற ஒரு வரியையும் மாற்றவில்லை, இரண்டு வரிக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒருதடவை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

*(மேலூர் ஐயா: "படித்தேன். ஆய்ச்சியர் குரவையைத் தொட்ட இடத்தில் ஒரு பிழை இருக்கிறது. மற்றபடி... பரவாயில்லை.")*

செல்லூர் தங்கை, இந்தச் சண்டை நடந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் 11 ஹிட் 63 ஆகியிருக்கிறது. அவமரியாதை என்று ஒருவர் கத்தியதால் வந்த கூட்டம் இது, நாளைக்கே வடிந்துவிடும், நம்பாதீர்கள். ஐயா சொன்ன பிழையை மட்டும் கேட்டுத் திருத்திவிடுங்கள்.

வாடிப்பட்டி: ஏஓ3-யில் கதை போட்டுச் சம்பாதிக்க முடியுமா?

முடியாது. பணம் கேட்டு லிங்க் போட்டாலே விதிமீறல்.

விளாங்குடி: காப்பிரைட் பிரச்சினை வருமா?

நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி 60 வருடம் வரை உரிமை இருக்கும். கல்கி இறந்தது 1954, அதனால் பூங்குழலிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். மற்றதற்கு வக்கீலைப் பாருங்கள், நான் பைண்டிங் போடுகிறவள்.

பழங்காநத்தம்: என் கதையை யாரும் படிப்பதில்லை, என்ன செய்வது?

மேலே பாருங்கள்.

திருப்பரங்குன்றம்: வியூஸ் வரவில்லை அக்கா.

மேலே.

ஆனையூர்: தொடரை மூன்று எபியோடு நிறுத்திவிட்டுப் புதுத் தொடர் ஆரம்பிக்கலாமா? பழையதற்கு ரெஸ்பான்ஸ் இல்லை.

இது எத்தனையாவது தொடர்? ஐந்தாவது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிவடையாத நாலு கதை வைத்திருப்பவரின் ஐந்தாவதை யார் நம்பித் தொடுவார்கள்? முழுதாக எழுதி முடித்துவிட்டு... சரி, விடுங்கள்.

திருமங்கலம் தங்கை மறுபடியும்: அக்கா, பார்த்தேன். மூன்று அத்தியாயமும் வரைவுத் தேதியில்தான் கிடந்தது! இனிப் போடுவதை இன்றைய தேதியிலேயே போடட்டுமா?

கதை முடிந்துவிட்டதா?

இன்னும் நாலு எபி பாக்கி.

அப்படியானால் இன்று எதையும் போடாதீர்கள். நாலையும் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். கடைக்கு ஆள் வந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப்.