வயது போன கிபிர்

கடிதம்:

அன்புள்ள ஐயா,

என் அப்பா இந்திய விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தவர். இருபத்திரண்டு வருடம் மிக்-21 போர்விமான எஞ்சின்களோடு வேலை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அந்த விமானங்களை வழியனுப்பி வைத்ததை டிவியில் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். இலங்கையின் பழைய கிபிர் போர்விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் ‘அந்தச் சனியன் எப்போது தொலையும்’ என்றிருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “மெஷின் என்ன பண்ணும்?” என்றார். ஒரு இயந்திரத்தின் மேல் கோபப்பட முடியுமா? இவ்வளவு பழைய விமானங்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்றும் எழுதுங்கள்.

ஒரு வாசகி, தாம்பரம்

பதில்:

வணக்கம் தங்கச்சி,

அப்பா பிறகு சாப்பிட்டாரா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது சுலபம். பழைய இயந்திரத்தை ஓட்டுவது பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கிடையாது. எங்கள் ஒழுங்கையில் நின்ற ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். ஊரெல்லாம் அந்தப் புகை மணம்தான். சாமான் பழுதானால்? கராஜ் அண்ணையின் பின்வளவில் பலாமரத்துக்குக் கீழே இன்னொரு ஏ40 நின்றது. சில்லும் இல்லை, கதவும் இல்லை. “இதிலை கழட்டி அதிலை பூட்டுறதுதான், வேறை வழி?” என்பார். கடைசியில் பலாமரத்துக்குக் கீழே நின்றதில் கோழி அடைகாத்தது.

வயது போன போர்விமானங்களும் இப்படித்தான் சீவிக்கின்றன. தளத்தில் நிற்பவை எத்தனை என்பதும் பறப்பவை எத்தனை என்பதும் வேறு வேறு கணக்கு. ஒவ்வொரு இறுக்கமான திருப்பத்துக்கும் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் உலோகம் களைக்கும், மயிரிழை போல வெடிப்பு விடும். பறக்காமல் நிறுத்தி வைத்தாலும் தப்பாது. றப்பர் சீல்கள் காயும், வயர்களின் உறை நொறுங்கும். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைக்குள் இருக்கிற வெடிமருந்துக்குக்கூட மருந்துப் போத்தல் போலக் காலாவதித் தேதி உண்டு. உங்கள் அப்பாவுக்கு இதையெல்லாம் நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

கிபிர் முதலில் பறந்தது 1973இல். பிரான்சின் மிராஜ் 5 உடம்புக்குள் அமெரிக்க ஜே79 எஞ்சினை இஸ்ரேல்காரர் பூட்டிய விமானம் அது. பார்த்தீர்களா, பிறப்பிலேயே கழட்டிப் பூட்டினதுதான். பெயருக்கு ஹீப்ருவில் சிங்கக்குட்டி என்று அர்த்தம். கொழும்பில் அந்தப் பெயர் பிடித்திருக்கும். 1996இலிருந்து இங்கே பறந்தது. 2001இல் புலிகள் கட்டுநாயக்க விமானத்தளத்தைத் தாக்கியதில் இரண்டு போயின. 2011 மார்ச்சில் விமானப்படையின் அறுபதாவது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது இரண்டு வானத்தில் மோதி, ஒரு விமானி இறந்துபோனார். மிச்சத்தில் ஐந்தைத் திருத்தி மறுபடி பறக்கவைக்க 2021 ஜூனில் இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து கோடி டொலர்.

என்னுடைய கோபம் முக்கியமாக அங்கேதான். அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் கடற்தொழிலாளர்கள் கான்களோடு வரிசையில் நின்றார்கள். தொண்ணூறுகளில் நான் நின்ற அதே வரிசை. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகிற ஒரு சாமானை யாரைத் துரத்த வைத்திருக்கிறோம்?

சரி, மெஷினின் மேல் கோபம். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று வீட்டை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் கொஞ்சக் காலம் இருந்து, கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனோம். கிபிரை நான் முதலில் கேட்டது மல்லாவியில். அதற்கு முதல் எங்களுக்கு அதிகம் பழகியது புக்காரா. காற்றாடி விமானம், தூரத்திலேயே சத்தம் கேட்கும். அம்மம்மா வெத்திலைத் தட்டத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்க அது நேரம் தந்தது. கிபிர் அப்படி இல்லை. ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கிற விமானம் தன் சத்தத்தோடு கூடவே வந்து சேரும். கேட்கும்போது அது தலைக்கு மேலே நிற்கும். அம்மம்மா அந்தத் தட்டத்தைக் கடைசியில் பங்கருக்குள்ளேயே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வெத்திலை போடுவதென்றால் பங்கருக்குள் இறங்கவேண்டும்.

மெஷினுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பா சொல்வது சரி. அவர் கையால் கழுவித் துடைத்துப் பூட்டிய எஞ்சின், அதில் ஏறிப் போன பொடியன் திரும்பி வரவேண்டுமே என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். மிக்-21ஐப் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று பேப்பர்கள் எழுதியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அவருக்கு விமானத்தைக் கீழே வைத்துத் தெரியும். எனக்கு மேலே வைத்துத்தான் தெரியும்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். கிபிருக்கு முதல், 1991இலிருந்து எஃப்-7 என்று ஒன்று எங்களுக்கு மேலே பறந்தது. நாங்கள் சுப்பர்சொனிக் என்போம். சீனாவில் செய்த மிக்-21தான் அது, எஞ்சின் சோவியத் ஆர்-11இன் நகல். ஆரம்பகால மிக்-21களில் இருந்ததும் ஆர்-11தான் என்பதால் அவர் கைபட்டிருக்கலாம். அது தாழப் பதிந்து திரும்பி மேலே ஏறும்போது சீலை கிழிப்பது போல ஒரு சத்தம் வரும். அவர் ஓடுபாதைப் பக்கத்தில் நின்று கேட்டதும் அந்தச் சத்தம்தானா?

அன்புடன்.