வேன் வருவதற்குள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகனுக்கு ஏழு வயது. ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் சமையலறையிலிருந்து "எழுந்திரு, பல்லைத் தேய், யூனிஃபார்மைப் போடு, ஷூ எங்கே, வேன் வந்துடும்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடுகிறது. அசைய மாட்டான். அதட்டினால் அலறுவான். கடைசியில் நானே ஷூ மாட்டி அனுப்புகிறேன். மாமியார், "ரெண்டு போட்டா தன்னால கேப்பான்" என்கிறார். என்ன செய்வது?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்து விஷயத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வருவது பேசும் விதத்தைப் பற்றி மட்டும்.

நீங்கள் ஒரே மூச்சில் நாலு வேலை சொல்கிறீர்கள், அதுவும் மிக்ஸி சத்தத்துக்கு மேலே, முகம்கூடத் தெரியாமல். இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதை மனதில் பிடித்துவைப்பதே பாடு. பல நேரம் நாம் பிடிவாதம் என்று நினைப்பது இதைத்தான்.

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவனிடம் போங்கள். எதிரே உட்கார்ந்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "பல் தேய்க்கிறியா கண்ணா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் பதில்தானே! "இப்ப போய்ப் பல்லைத் தேய்" போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நம் வீடுகளில் இதுதான் பெரும்பாடு. நீங்கள் மூன்று எண்ணுவதற்குள் ஹாலிலிருந்து பாட்டி ஆரம்பித்துவிடுவார். காலையில் சொல்வது ஒருவர் மட்டும் என்று முன்பே பேசிவையுங்கள். செய்ததும் பாராட்டுகிற வேலையை மாமியாரிடம் கொடுங்கள். வெறும் "குட் பாய்" வேண்டாம், "அம்மா சொன்னதும் எழுந்துட்டியே" என்று எதற்காகப் பாராட்டுகிறோம் என்பது தெரியட்டும். அவர் சொல்லும் அடி அந்த நேரத்துக்கு அடக்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் இன்னும் பலமாக அடிக்க வேண்டியிருக்கும்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்துச் சொன்னது இது: நாம் ஒன்று சொல்கிறோம், பிள்ளை அலறுகிறது, நாம் விட்டுவிடுகிறோம். அலறினால் வேலை தப்பும் என்று அது கற்றுக்கொள்கிறது. விட்டுவிட்டால் வீடு அமைதியாகும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். அதனால் கூடவே நின்று முடிக்கவைக்க நேரமில்லாத வேலையைச் சொல்லவே சொல்லாதீர்கள். காலையில் இரண்டுக்குத்தான் நேரம் என்றால் இரண்டே. ஷூவை நீங்கள்தான் மாட்டப்போகிறீர்கள் என்றால் சொல்லாமலே மாட்டிவிடுங்கள். பத்து தடவை சொல்லித் தோற்றபின் மாட்டுவதுதான் வினை.

பெற்றோருக்கென்றே இதற்குப் பயிற்சி உண்டு. ஆறு வயதுக்குக் கீழே என்றால் மருந்துக்கு முன் அதுதான், அதற்கு மேலே மருந்தோடு அதுவும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இல்லாவிட்டால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

ஒன்று, ஆரம்பத்தில் அலறல் இன்னும் அதிகமாகலாம். இவ்வளவு நாள் பலித்ததை அவன் இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். ஆகவே இதைத் திங்கட்கிழமை காலையில், வேன் ஹாரன் அடிக்கும்போது தொடங்க வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம், அவசரமில்லாத ஏதாவது சின்ன வேலையில் தொடங்குங்கள்.