சைபர்பங்க் ஏன் திணறுகிறது? திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

கொம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பவன் என்பதால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சைபர்பங்க் 2077 கேம் இழுக்குது, எந்த கிராஃபிக்ஸ் கார்ட் வாங்க?" கார்ட்டுக்குக் காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்.

கேள்வி (உவர்மலை): அண்ணா, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போட்டிருக்கிறேன். ரெசலூஷனை 720க்கு இறக்கியும் 40 எஃப்பிஎஸ்தான் (செக்கனுக்கு 40 ஃபிரேம், அதாவது 40 படம்). கார்ட் மாற்றவா?

பதில்: பொறுங்கள் தம்பி. ரெசலூஷனைக் குறைத்தால் சுமை இறங்குவது கார்ட்டுக்கு. அதன் பிறகும் எண் அசையவில்லையென்றால் கார்ட் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, திணறுவது ப்ரொசெசர். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை 16.7 மில்லிசெக்கனில் முடிக்க வேண்டும். ப்ரொசெசருக்கே 25 மில்லிசெக்கன் பிடித்தால், எந்தக் கார்ட் போட்டாலும் 40தான். கேமின் நகரமான நைட் சிட்டியில் ஆட்கள் நெரியும் தெருக்களில் இது நன்றாகத் தெரியும். செட்டிங்ஸில் க்ரவுட் டென்சிட்டியை (தெருவில் ஆட்களின் அளவு) லோவில் வையுங்கள். அப்புறம் ராமைப் பாருங்கள்: 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால், இரண்டு 8 ஜிபியாக மாற்றி, பயாஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியைப் போடுங்கள்; ராம் அதற்குரிய வேகத்தில் ஓட அதுதான் வழி. புதுக் கார்ட்டை விட எவ்வளவோ மலிவு.

கேள்வி (கிண்ணியா): கார் ஓட்டும்போது கட்டடங்கள் மொட்டையாக நிற்கின்றன, பிறகுதான் முழுசாக வருகின்றன. ஹார்ட் டிஸ்க்கில்தான் கேம் இருக்கு.

பதில்: அதுதான் காரணம். 2023 செப்டெம்பரில் வந்த 2.0 அப்டேட்டோடு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு) குறைந்தபட்சத் தேவையாகிவிட்டது. 70 ஜிபி இடம் வேண்டும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும்.

கேள்வி (நிலாவெளி): ஆர்டிஎக்ஸ் 3050, 4 ஜிபி லப்டொப். முதலில் நன்றாக ஓடுது. கொஞ்ச நேரத்தில் பாதியாக விழுது.

பதில்: சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் அறைக்குள் இருக்கும் வெக்கையில், லப்டொப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்து ஃபேன், ஹீட் சிங்க் எல்லாம் அழுக்குப் பிடித்துவிடும். கழற்றித் துப்புரவாக்கி, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பசை) மாற்றுங்கள். மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள், தயவுசெய்து! எஃப்பிஎஸ்ஸை 40க்குக் கட்டிப்போட்டால் சூடும் குறையும், ஆட்டமும் சீராக இருக்கும். ஏறி இறங்கும் 60ஐ விட அசையாத 40 கண்ணுக்குச் சுகம். 4 ஜிபி விராமுக்கு (கிராஃபிக்ஸ் கார்ட்டின் சொந்த மெமரி) டெக்ஸ்சர் செட்டிங் மீடியத்துக்கு மேல் வேண்டாம். விளையாட்டுக்கு நடுவே அதை மாற்ற முடியாது, மெயின் மெனுவுக்குப் போக வேண்டும்.

கேள்வி (மூதூர்): பிஎஸ்4இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 4) வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2020 டிசம்பரில் வந்தபோது அதில் இருந்த நிலையைப் பார்த்து, சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. பிறகு எவ்வளவோ திருத்தினார்கள், ஆனால் 2.0 பிஎஸ்4க்கு வரவே இல்லை.

கேள்வி (உப்புவெளி): ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு 25ஐ 50 ஆக்கலாமா?

பதில்: ஃபிரேம் ஜெனரேஷன் என்பது உண்மை ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை ஃபிரேம்களைச் செருகுவது. மூலையில் எண் 50 காட்டும். மவுஸை அசைத்தால் 25இன் மந்தம் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும். முதலில் எஃப்எஸ்ஆரைப் (குறைந்த ரெசலூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) பெர்ஃபோமன்ஸில் வைத்து, ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷனை (பிரதிபலிப்புகளை வரையும் செட்டிங்) நிறுத்திப் பாருங்கள். 50, 60 தொட்ட பிறகு ஃபிரேம் ஜெனரேஷனைப் பற்றி யோசிக்கலாம்.