வயது முப்பதுக்குள், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாக வந்திருக்கும் தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொள்ளலாமா, கொஞ்ச காலம் பொறுக்கலாமா?

எந்த நோய்க்கான ஊசி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் எந்த ஊசிக்கும் பொருந்தும் கணக்கைச் சொல்கிறேன். எண்களை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போடாமல் இருந்தால், அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் வயதுக்காரருக்கு அந்த நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க நேரும் வாய்ப்பு எவ்வளவு? அதே வயதில் ஊசியால் பெரிய சிக்கல் வரும் வாய்ப்பு எவ்வளவு? பல நோய்களில் எழுபது வயதுக்காரருக்கு முதல் எண் பெரிதாகவே இருக்கும். அவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இளவயதில் இரண்டுமே மிகச் சிறிய எண்கள். சிறிய எண்கள் இரண்டை ஒப்பிட வாட்ஸப் செய்தியும் பத்திரிகைத் தலைப்பும் உதவாது. உட்கார்ந்து பெருக்கிப் பார்ப்பதுதான் வழி.

உதாரணத்துக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு நோய் வருடத்துக்கு நூறில் ஒருவருக்கு வருகிறது. வந்தவர்களில் உங்கள் வயதுக்காரர் 500 பேருக்கு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பெருக்கினால் 50,000 பேரில் ஒருவர். ஊசி அதில் 90 சதவீதத்தைத் தடுக்கிறது என்றால், ஏறக்குறைய 55,000 பேர் போட்டுக்கொண்டால் ஒருவர் தப்பிக்கிறார். ஊசியால் லட்சத்தில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல் வருமானால், லாபம் ஊசி பக்கம்தான், ஆனால் பெரிய இடைவெளி இல்லை. அதே நோய் ஐந்தில் ஒருவரைப் பிடிக்கும் அளவுக்குப் பரவட்டும்: ஆஸ்பத்திரிக்குப் போவது 2,500 பேரில் ஒருவர் என்றாகிவிடும். அப்போது தயங்க ஒன்றுமே இல்லை. பரவல் ஒன்று மாறியதற்கே விடை இவ்வளவு மாறுகிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 ஏப்ரலில் பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, 30 வயதுக்குக் கீழே உள்ள ஆரோக்கியமானவர்களுக்கு அஸ்ட்ராஜெனிகா கொரோனா ஊசிக்குப் பதில் வேறு ஊசி கொடுப்பது நல்லது என்றது. மே மாதம் அந்த வரம்பு 40 ஆனது. காரணம், ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து ரத்தம் உறையும் அரிய சிக்கல். அது இளையவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. கொரோனாவால் அவர்களுக்கு வரும் ஆபத்தோ குறைவு. அந்த நேரத்தில் பரவலும் இறங்கியிருந்தது. வயதானவர்களுக்கு அதே ஊசி தொடர்ந்தது. ‘நல்ல ஊசியா, கெட்ட ஊசியா’ என்று கேட்டால் இந்த முடிவு புரியவே புரியாது. யாருக்கு, எப்போது என்று கேட்டால் சட்டென்று புரியும்.

விளம்பரத்தில் வரும் சதவீதத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஃபைசர் ஊசியின் 2020 ஆய்வில் சுமார் 43,000 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் சலைன். சலைன் போட்டவர்களில் 162 பேருக்குக் கொரோனா வந்தது, ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு. 95 சதவீதம் வந்தது இதிலிருந்து. ஆனால் அந்தச் சில மாதங்களில் சலைன் போட்டவர்களிலும் நூறில் ஒருவருக்குக் குறைவாகவே நோய் வந்தது என்பதும் அதே ஆய்வறிக்கையில் இருக்கிறது. இரண்டுமே உண்மை. உங்கள் ஆபத்து எவ்வளவு குறையும் என்பதை 95 சொல்லும். முதலில் அந்த ஆபத்து எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லாது.

இனி, புதிய ஊசி என்றால் பலருக்கும் வரும் பயத்துக்கு வருகிறேன். ஆய்வில் தெரியாமல்போன பக்கவிளைவு பின்னால் வந்தால்? நியாயமான பயம்தான், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆய்வில் ஊசி போட்ட அத்தனை பேரிலும் ஒரு சிக்கல் ஒருமுறைகூட வரவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். 30,000 பேரில் யாருக்கும் வரவில்லை என்றால், அது அதிகபட்சம் 10,000-இல் ஒருவருக்கு வரக்கூடும் என்று மட்டுமே ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அதைவிட அரிதானது ஆய்வின் கண்ணில் படாது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான ரோட்டாஷீல்டு ஊசிமருந்து அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்று 1999-இல் திரும்பப் பெறப்பட்டது இப்படித்தான். குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வந்தது பரவலாகப் போட்ட பிறகே தெளிவானது. அடுத்து வந்த ரோட்டா ஊசிகளை அதனாலேயே 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள்.

ஆக, நீங்கள் காத்திருப்பதாக இருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. லட்சக்கணக்கானோர் போட்டு முடிக்கும்வரை போதும். ஊசியின் பக்கவிளைவு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டெங்குவுக்கான டெங்வாக்சியாவில் சிக்கல் மெதுவாக வந்தது: முன்பு டெங்கு வராதவர்கள் அதைப் போட்டுக்கொண்டால், பின்னால் டெங்கு வரும்போது கடுமையாகும் வாய்ப்பு கூடியது. சனோஃபி நிறுவனம் இதை 2017 நவம்பரில் அறிவித்தபோது பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஏற்கெனவே அது போடப்பட்டிருந்தது. இரண்டாம் முறை வந்தால் மோசமாகும் நோய் என்றால், நீண்ட காலக் கண்காணிப்பு முடிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

போடுவதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிவதும் இல்லை. ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா ஊசிகளுக்குப் பிறகு வந்த இதயத் தசை அழற்சி அதிகம் தெரிந்தது பதின்வயது, இருபதுகளில் உள்ள ஆண்களிடம். பெரும்பாலும் இரண்டாம் டோஸுக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள். இரண்டு டோஸுக்கும் நடுவே எட்டு வாரம் விட்டால் அது குறைவதாகத் தெரிந்தது. 2021-இல் போட்ட முதல் இரண்டு டோஸ்களில், மாடர்னாவில் ஒரு டோஸுக்கு 100 மைக்ரோகிராம், ஃபைசரில் 30 இருந்தது. 2021 அக்டோபரில் சுவீடன் இளவயதினருக்கும் பின்லாந்து இளம் ஆண்களுக்கும் மாடர்னாவை நிறுத்தி ஃபைசரைக் கொடுத்தன. எந்தத் தயாரிப்பு, எத்தனை வார இடைவெளி என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இளம் ஆண்கள் தவறாமல் கேட்க வேண்டும்.

என் கருத்து இது. நோய் இப்போது உங்களைச் சுற்றிப் பரவுகிறது, ஊசியை லட்சக்கணக்கானோர் போட்டுவிட்டார்கள் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். நோய் உங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஊசிக்குப் போன மாதம்தான் அனுமதி கிடைத்தது என்றால், சில மாதம் பொறுப்பதால் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். வீட்டில் கைக்குழந்தையோ புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரோ இருந்தால் கணக்கு மாறும். அப்போது அந்த ஊசி நோய் தொற்றுவதையே குறைக்கிறதா, நோய் முற்றுவதை மட்டும் தடுக்கிறதா என்று பாருங்கள். முதல் வகையானால் உங்களுக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தரும் எச்.பி.வி. வைரஸுக்கான ஊசி மாதிரியானவற்றில் காத்திருப்பதே நஷ்டம்: வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன்.

‘எனக்கு ஒரு நோயும் இல்லை’ என்று சொல்லும் முன் சிலவற்றைச் சரிபாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா? முன்பு எந்த ஊசிக்காவது உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியதா? கர்ப்பமாக இருக்கிறீர்களா, அதற்குத் திட்டமிடுகிறீர்களா? உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் செய்த ஊசி என்றால் பொதுவாகக் கர்ப்பக் காலத்தில் போடமாட்டார்கள். தட்டம்மை கூட்டு ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊசிகள் இரண்டு தேவைப்பட்டால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

போடும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசியைக் கண்டு மயங்குவது இளவயதினரிடம்தான் அதிகம். அந்தப் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால் 30 நிமிடம். சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் போதாது, தோள் முழுக்கத் தெரிய வேண்டும். தோளின் மேல்முனை எலும்புக்கு இரண்டு, மூன்று விரல்கடை கீழே, தசை தடித்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து மூட்டுப் பக்கம் போய், கையைத் தூக்க முடியாத வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

மறுநாள் முக்கியமான வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன ஃபைசர் ஆய்வில், 55 வயதுக்கு உட்பட்டவர்களில் இரண்டாம் டோஸுக்குப் பிறகு 59 சதவீதம் பேர் அசதி என்றார்கள், 16 சதவீதம் பேருக்குக் காய்ச்சல். சலைன் போட்டவர்களிலும் 23 சதவீதம் பேர் அசதி என்றதைச் சேர்த்துப் படியுங்கள். எல்லா அசதியும் ஊசியால் வந்ததல்ல. பாரசிட்டமாலை முன்கூட்டியே போட வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போடலாம்.

காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி.யும் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். விடாத தலைவலி, கால் வீக்கம், தோலில் சிறு ரத்தப்புள்ளிகள் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி அட்டையில் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, கையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவு பற்றிப் புகார் பதிய வேண்டி வந்தால் முதலில் கேட்பது அந்த பேட்ச் எண்ணைத்தான்.